நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்

மூக்குக் கண்ணாடிக் கடையில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர், மூக்குத் தண்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்தே பதினாறு வருஷத்தை ஓட்டியவன். எதிரே வந்து உட்காருகிறவர்களிடம் அவன் சொல்வது ஒரே வாக்கியம். "நேரா பாருங்க, தலையைத் திருப்பாதீங்க." அளவில் தப்பு என்று இதுவரை ஒரு புகார் வந்தது கிடையாது. அந்தத் தெம்பில்தான் வண்டிக்குப் பெரிய டயர் மாட்டக் கிளம்பினான்.

ஜீப் மாதிரி முகமும் கார் மாதிரி வயிறுமாக ஒரு வண்டி அது. வாங்கி மூன்று வருஷமாகியும் கம்பெனியிலிருந்து வந்த கோலத்திலேயே இருந்தது. ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டியதில்லை. அவனும் அதில் ஒரு குறையையும் காணாமல்தான் இருந்தான், எதிர்வீட்டு இன்ஷூரன்ஸ்காரர் தன் வண்டிக்கு ஆள் உயரத்துக்கு டயர் போட்டுக்கொண்டு வரும்வரை. அதற்குப் பிறகு தினமும் காலையில் காம்பவுண்டு சுவருக்கு மேலே அவர் தலை எழும்.

"என்ன சார், உங்க வண்டி உட்கார்ந்துட்டு இருக்கா, நின்னுட்டு இருக்கா?"

இப்படி ஒரு மாதம் கேட்டால் யாருக்குத்தான் ரோஷம் வராது? ஆனால் ரோஷத்துக்காக டயர் வாங்குகிறேன் என்று வீட்டில் சொல்ல முடியாது. அதனால் அதற்கு மனைவியின் லைசென்ஸைக் காரணமாக ஆக்கிக்கொண்டான்.

அவன் மனைவி பிசியோதெரபிஸ்ட். இறுகிய தோளையும் மடங்காத முட்டியையும் வழிக்குக் கொண்டுவருகிறவள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை ஒன்று அவள் இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே அவளுக்காகக் காத்திருந்தது. ஒன்றாம் தேதி சேரவேண்டும், கையில் டிரைவிங் லைசென்ஸ் இருக்கவேண்டும். இரண்டு முறை தேர்வுக்குப் போய் இரண்டு முறையும் தோற்றிருந்தாள். மூன்றாவது தேர்வு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு. அதுவும் போனால் புதிதாக விண்ணப்பித்து மூன்று மாதம் காத்திருக்கவேண்டும். வேலை அதுவரை காத்திருக்காது. பட்டியலில் அடுத்த பெயர் தயாராக இருக்கிறது என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

அவள் கொஞ்சம் குள்ளம். "பானெட்டுக்கு முன்னாடி என்ன இருக்குன்னே தெரியல" என்று முதல் முறை தோற்றபோது சொல்லியிருந்தாள். மில்லிமீட்டர் அதைப் பிடித்துக்கொண்டான். பெரிய டயர் போட்டால் வண்டி உயரும், வண்டி உயர்ந்தால் அவள் உயர்வாள், உயர்ந்தால் எல்லாம் தெரியும். பார்வை சம்பந்தப்பட்ட தொழிலில் பதினாறு வருஷம் இருக்கிறவன் இப்படி யோசித்தான் என்பதை வெளியே சொன்னால் கடையின் மானம் போய்விடும். ஆனாலும் அப்படித்தான் யோசித்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபிரேம் அளக்கிற ஸ்கேலை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் குந்தினான். டயருக்கும் அதற்கு மேலே வளைந்திருக்கும் தகரத்துக்கும் நடுவில் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். நாலு சக்கரத்திலும் மூன்று மூன்று தடவை அளந்தான். பிறகு டயர் கடைக்குப் போனான்.

டயர் கடைக்காரம்மா கல்லாவில் உட்கார்ந்தே வண்டியின் ஜாதகத்தைச் சொல்லக்கூடியவர்.

"இந்த வண்டிக்கு இந்த சைஸா? இடம் இருக்கா?"

"நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் இருக்கு. புது டயர் இருபத்தஞ்சு மில்லிமீட்டர்தான் மேல போகும். பதினேழு மிச்சம்."

"அது சரிங்க, ஸ்டியரிங்கை ஒடிச்சுப் பார்த்தீங்களா?"

"அளந்தாச்சும்மா."

"அளந்தீங்க. ஒடிச்சுப் பார்த்தீங்களான்னு கேட்டேன்."

"என் தொழிலே அளக்கிறதுதான்" என்றான் மில்லிமீட்டர், கொஞ்சம் விறைப்பாக.

கடைக்காரம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். அளக்கிறதே தொழிலாக இருக்கிறவனிடம் என்ன பேசுவது? ரிம்மோடு நாலு சக்கரம் ஞாயிறு காலை வேனில் வரும், மதியம் அதே வேன் பழைய நாலையும் எடுத்துக்கொள்ளும், திங்கட்கிழமை கடை லீவு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஞாயிறு காலை மனைவி டியூட்டிக்குப் போனதும் வேன் வந்தது, வேலை ஆரம்பமானது. சக்கரம் கழற்றுவது எப்படி என்று ஒரு வீடியோவை அவன் நாலு தடவை பார்த்திருந்தான். அதில் அந்த ஆள் ஏழு நிமிஷத்தில் முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறான். மில்லிமீட்டருக்கு முதல் சக்கரத்துக்கே ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.

முதலில் ஜாக்கியைப் போட்டு வண்டியைத் தூக்கினான். பிறகு நட்டைக் கழற்றப் போனான். ஸ்பேனரை அழுத்தினால் நட்டு கழலவில்லை, சக்கரம்தான் சுற்றியது. காலால் முட்டுக்கொடுத்தான். செருப்பு சுற்றியது. தூக்குவதற்கு முன்பே நட்டைத் தளர்த்தவேண்டும் என்பது வீடியோவில் நாலு தடவையும் அவன் தண்ணீர் குடிக்க எழுந்துபோன இடத்தில் வருகிறது. வண்டியை இறக்கினான், தளர்த்தினான், மறுபடி தூக்கினான். பழைய சக்கரம் வெளியே வந்தது. புதுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டுவந்து மாட்டப் பார்த்தால் அது உள்ளே போகவில்லை. பழைய சக்கரத்தின் உயரத்துக்குத்தானே வண்டியைத் தூக்கியிருக்கிறான்? பெரியதற்கு இன்னும் தூக்கவேண்டும். ஜாக்கி ஏற்கெனவே தன் கழுத்தை முடிந்தமட்டும் நீட்டிவிட்டது.

சுவருக்கு மேலே தலை எழுந்தது.

"ஜாக்கிக்கு அடியில பலகை வைக்கணும் சார்" என்றார் இன்ஷூரன்ஸ்காரர். "இது எல்லாருக்கும் தெரியுமே."

"வைக்கத்தான் போறேன்" என்றான் மில்லிமீட்டர், பலகை எங்கே கிடைக்கும் என்றே தெரியாமல். கடைசியில் அலமாரியின் கீழ்த்தட்டைப் பெயர்த்து எடுத்துவந்தான்.

இப்படியாக நாலு சக்கரமும் ஏறியபோது மணி ஒன்றரை. சட்டை கிரீஸ், முட்டி சிராய்ப்பு, விரலில் ஒரு நகம் கறுப்பு. ஆனால் வண்டி நின்ற நிலை இருக்கிறதே! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. ஸ்கேலை எடுத்து அளந்தான். பதினேழு மில்லிமீட்டர், சொன்னது சொன்னபடி. ஏறி உட்கார்ந்து முற்றத்துக்குள்ளேயே இரண்டடி முன்னே போனான், இரண்டடி பின்னே வந்தான். ஒரு சத்தம் இல்லை. இன்ஷூரன்ஸ்காரரே சுவருக்கு மேலே எட்டிப்பார்த்து "பரவாயில்லையே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக மில்லிமீட்டர் இன்னும் நாலு நகத்தைக் கொடுத்திருப்பான். வேன் வந்து பழைய நாலு சக்கரங்களையும் அள்ளிக்கொண்டு போனது. தெரு முனையில் அது திரும்புகிறவரை அவன் கையாட்டினான்.

மூன்று மணிக்கு மனைவி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க இது?"

"உனக்காகத்தான். இப்ப வண்டி ஒரு அங்குலம் உயரம். பானெட்டுக்கு முன்னாடி எல்லாம் தெரியும்."

"வண்டி உயர்ந்தா பானெட்டும் சேர்ந்துதானே உயரும்?"

மில்லிமீட்டர் ஸ்கேலை எடுத்துச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டான்.

"சரி, நாளைக்கு டெஸ்ட். ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடலாம்" என்று அவள் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் அவனும் ஏறினான். கேட்டைத் தாண்டி, தெருவில் வலது பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தாள்.

கர்ர்ர்ர்ர் என்று ஒரு சத்தம் கிளம்பியது பாருங்கள், தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது. பிரேக்கை மிதித்தாள். இடது பக்கம் ஒடித்தாள். அதே சத்தம், இன்னும் கொஞ்சம் கோபமாக. மில்லிமீட்டர் இறங்கி முன்சக்கரத்துக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தான். சக்கரம் நேராக இருக்கும்போது பதினேழு மில்லிமீட்டர் பத்திரமாக இருந்தது. திரும்பும்போது டயரின் ஓரம் போய் மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் உரசியது. அங்கே இடைவெளி சைபர்.

பதினாறு வருஷமாக "நேரா பாருங்க, திருப்பாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே அளந்தவன், சக்கரத்தையும் நேராக வைத்தே அளந்துவிட்டான். சக்கரம் என்று ஒன்று இருப்பதே திரும்பத்தான் என்பது அவன் தொழிலில் வராத விஷயம்.

"பழைய டயரை மாட்டிடுங்க" என்றாள் அவள்.

"வேன்ல போயிடுச்சு."

"கடைக்கு ஃபோன் பண்ணுங்க."

பண்ணினான். அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிறு மதியத்தோடு கடை மூடிவிட்டது, இனி செவ்வாய்தான். அவள் நடைபாதை ஓரத்தில் போய் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு மாதமாகச் சுவருக்கு மேலே எழுந்த தலையை நினைத்துத் தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

சும்மா இருக்க முடியாமல் மில்லிமீட்டர் மறுபடி காரியத்தில் இறங்கினான். பிளாஸ்டிக்கைச் சூடாக்கினால் வளையும் என்று எங்கோ படித்த ஞாபகம். முடி காயவைக்கிற டிரையரை எடுத்துவந்து சக்கரத்துக்கு அடியில் படுத்து அரை மணி நேரம் ஊதினான். டிரையர்தான் புகைந்தது. அடுத்து சமையலறைக் கத்தரிக்கோலோடு வந்தான்.

"அதைக் கீழ வைங்க" என்று ஒரு குரல். மனைவி எழுந்து வந்திருந்தாள். முகம் கழுவியிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஆள் படுத்திருக்கும் கட்டிலை நோக்கி வருகிற நடை அது. "நகருங்க. நான் பார்க்கிறேன்."

ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வண்டியை நத்தை மாதிரி நகர்த்தியபடியே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். லேசாக ஒரு உரசல் கேட்டதும் நிறுத்தினாள். அரை விரல் பின்னால் எடுத்தாள். சத்தம் நின்றது.

"தோள் இறுகின ஆள் மாதிரிதான்" என்றாள். "கையை முழுசா தூக்கச் சொன்னா கத்துவாங்க. வலிக்கிற இடத்துக்கு அரை விரல் முன்னாடி நிறுத்தணும். அதுக்குள்ளேயே எல்லா வேலையையும் வாங்கணும்."

பையிலிருந்து வெள்ளை பிளாஸ்திரி எடுத்து ஸ்டியரிங்கில் வலத்துக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று ஒட்டினாள். அதைத் தாண்டித் திருப்பக்கூடாது.

தேர்வில் எல்லோரையும் காவு வாங்குவது ஒரே இடம்தான். இரண்டு வரிசைக் கூம்புகளுக்கு நடுவே, குறுகலான பாதையில் வண்டியை முன்னும் பின்னும் எடுத்து, வந்த வழியே திருப்பவேண்டும். முழுசாக ஒடித்தால் மூன்று எடுப்பில் முடியும். பாதி ஒடித்து எப்படித் திருப்புவது? வீட்டில் இருந்த வாளி, குடம், குப்பைக்கூடை எல்லாவற்றையும் மில்லிமீட்டர் தெருவில் வரிசையாக வைத்தான். முதல் முறை பதினோரு எடுப்பு, நசுங்கியது ஒரு வாளி. அடுத்தது ஒன்பது, ஒரு குடம். சுவருக்கு மேலே எழுந்த இன்ஷூரன்ஸ்காரர் "என்ன சார், பாத்திர வியாபாரமா?" என்றார். வாழ்க்கையில் முதல் முறையாக மில்லிமீட்டருக்கு ரோஷம் வரவில்லை. அவர் வீட்டு வாளியைக் கடன் கேட்டான். அவரும் என்ன நினைத்தாரோ, இரண்டு கொடுத்தார்.

வெளிச்சம் மங்கும்போது எடுப்பு ஐந்துக்கு இறங்கியிருந்தது. ஒரு பாத்திரமும் விழவில்லை, ஒரு சத்தமும் இல்லை. அவள் பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்துவிட்டு இன்னொரு முறை செய்தாள். அப்போதும் ஐந்துதான்.

"கைக்குத் தெரிஞ்சிடுச்சு" என்றாள்.

திங்கட்கிழமை காலை தேர்வு மைதானத்தில் ஓர் ஊழியர் வந்து விளக்கு எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து, தாளில் மூன்று டிக் போட்டுவிட்டுப் போனார். டயரை அவர் பார்க்கவே இல்லை. மில்லிமீட்டருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலை. கம்பி வேலிக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தான், உட்கார முடியாமல் எழுந்தான், வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தேர்வு அதிகாரி தடித்த மனிதர். பக்கத்து இருக்கையில் அவர் ஏறியதும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இவர் எடைக்கு அந்தப் பதினேழு என்ன ஆகியிருக்கும் என்று மில்லிமீட்டர் கணக்குப் போட்டு வியர்த்தான். வண்டி நகர்ந்தது. நேர்பாதை ஆயிற்று, மேடு ஆயிற்று. கூம்புகளுக்கு நடுவே நுழைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. மற்றவர்கள் முடிக்கிற இடத்தில் அவள் நிதானமாக மறுபடி பின்னால் எடுத்தாள். நாலு. ஐந்து. வண்டி வந்த வழியைப் பார்த்து நின்றது. ஒரு கூம்பும் ஆடவில்லை. மில்லிமீட்டர் வேலியைப் பிடித்திருந்த கை வலித்தபோதுதான் மூச்சு விட்டான்.

வேலிக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தினாள். அதிகாரி தாளில் எழுதிக்கொண்டே கேட்டது அவன் காதில் விழுந்தது.

"கூம்பைத் தொடலை, வண்டி ஆஃப் ஆகலை, நல்லா பண்ணீங்க. ஆனா ஏம்மா அஞ்சு எடுப்பு? முழுசா ஒடிச்சிருந்தா மூணுல முடிஞ்சிருக்குமே?"

பேனா தாளின் மேலேயே நின்றது. கையெழுத்து இன்னும் போடவில்லை. அவள் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சொல்லாதே, சொல்லாதே என்று மில்லிமீட்டர் தலையை ஆட்டினான், கையை ஆட்டினான். பயம் என்று சொல், பழக்கம் என்று சொல், எதையாவது சொல். ஒரு கையெழுத்துதானே பாக்கி!

"முழுசா ஒடிச்சா உரசும் சார்" என்றாள் அவள்.

அதிகாரி அவளை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். ஒடித்தார். கர்ர்ர்ர்ர். மைதானத்தில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். அதிகாரி இறங்கிக் குனிந்து டார்ச் அடித்தார். டயரின் ஓரத்தில் விரலை ஓட்டினார். நிமிர்ந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது.

"யாரு மாட்டினது இது?"

அவள் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. கம்பி வேலியில் முகத்தைப் பதித்துக்கொண்டு, கறுத்த நகத்தோடு நின்றவனை அதிகாரி பார்த்துவிட்டார்.

"நீங்களா?"

"அளந்துதான் சார் மாட்டினேன்."

"என்னத்தை அளந்தீங்க? ரோடு என்ன உங்களுக்காக நேரா மட்டும் போகுமா?" அதிகாரி தாளைத் திருப்பினார். வெகுநேரம் எழுதினார். பிறகு அவளிடம் வந்தார். "காலையில எங்க ஆளே பார்த்துதானே உள்ள விட்டான், அதுக்கு உங்களைப் பிடிக்க முடியாது. கேட்டதும் உண்மையைச் சொன்னீங்க. இந்த நொண்டி வண்டியை வெச்சுக்கிட்டு ஒரு கூம்பைத் தொடாம திருப்பினீங்க. நீங்க பாஸ்." வேலிப் பக்கம் திரும்பினார். "வண்டி ஃபெயில். சரியான டயர் மாட்டாம இது இங்கேயிருந்து ஒரு அடி நகரக்கூடாது. சாவி எங்கிட்டயே இருக்கட்டும்."

லைசென்ஸ் கிடைத்த அன்றே வண்டி போய்விட்டது. இருவரும் பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். மடியில் பாஸ் என்று எழுதிய தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மேலாளருக்கு ஃபோன் செய்து பேசினாள். ஒன்றாம் தேதி வந்துவிடுகிறேன் என்று இரண்டு தடவை சொன்னாள். ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. நாளைக்கே டயர் கடைக்குப் போய்க் காலில் விழுந்தாவது பழைய சக்கரங்களை வாங்கிவிடவேண்டும் என்று மில்லிமீட்டர் நினைத்துக்கொண்டான்.

மூன்று ஸ்டாப் தாண்டியபிறகு அவனால் அடக்க முடியவில்லை.

"உனக்காக மாட்டினேன்னு சொன்னது பொய். எதிர்வீட்டுக்காரர் கிண்டல் பண்ணினதுக்காக மாட்டினேன்."

"தெரியும்" என்றாள் அவள். "அவர் கேக்கிறது எனக்கும்தானே கேக்கும்."

"திட்டு. ரெண்டு வார்த்தை திட்டிடு."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பஸ் ஒரு பெரிய வளைவில் முழுசாக ஒடித்துத் திரும்பியது. அவள் தோள் அவன் மேல் சாய்ந்து மறுபடி நேரானது.

"பரவாயில்லங்க. அடுத்த தடவை சரியா பண்ணிடலாம்."

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. நன்றி சொல்வதா என்று யோசிப்பதற்குள் அவளே தொடர்ந்தாள், கோபமே இல்லாத குரலில்.

"ரெண்டு தடவை நான் ஃபெயிலாகி வந்தேன். வீடு வந்து சேர்ற வரைக்கும் நீங்க என் தப்பை ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சொல்லிட்டே வந்தீங்க. ரெண்டு தடவையும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு, இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மாட்டாரான்னு காத்துக்கிட்டே வந்தேன்."

மில்லிமீட்டருக்கு அதற்குப் பிறகு அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இறங்கவேண்டிய இடம் வந்தபோது அவள்தான் அவன் முழங்கையைத் தொட்டு எழுப்பினாள்.